புளித்துப் போகாத பாட்டில்

1978இல் புதுச்சேரியில் எங்கள் பெரியப்பா மகள் கல்யாண வரவேற்பு. வீட்டு முற்றத்தில் பந்தல் போட்டு, சீரியல் பல்பு கட்டி, நடுவில் மூன்றடுக்கு கேக் வைத்திருந்தார்கள். பெரியப்பா பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இருந்துவிட்டு ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். எங்கள் ஊரில் அப்படிப்பட்டவர்களை 'சொல்தா' என்போம். சொல்தா வீட்டுக் கல்யாணம் என்றால் கேக்கும் ஷாம்பெய்னும் இல்லாமல் இருக்குமா?

பாட்டில் பாரிஸிலிருந்து வந்தது. பெரியப்பாவோடு இந்தோசீனாவில் ஒன்றாக இருந்த காரைக்கால்காரர் ஒருவர், விடுமுறையில் ஊருக்கு வந்தபோது பெட்டியில் துணி சுற்றி இரண்டு பாட்டில் கொண்டுவந்து கொடுத்தார். "உன் பொண்ணு கல்யாணத்துக்கு என் சீர்" என்று அவர் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். பெரியப்பா கண் கலங்கிவிட்டார்.

வரவேற்பன்று மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் கட்டி வாங்கிவந்து, அலுமினிய அண்டாவில் பாட்டில்களைப் படுக்க வைத்துக் குளிர வைத்தது நான்தான். கேக் வெட்டியதும் பெரியப்பா கார்க்கைத் திறந்தார். துப்பாக்கி வெடித்த மாதிரி சத்தம். எல்லோரும் கைதட்டினார்கள். பெரியவர்களுக்கெல்லாம் கேக் ஒரு துண்டு, கண்ணாடிக் கிண்ணத்தில் ஷாம்பெய்ன் இரண்டு மடக்கு என்று கொடுத்தோம்.

கேக்கைத் தின்றுவிட்டு ஒரு வாய் குடித்த மாப்பிள்ளையின் தாய்மாமன் முகம் போன போக்கை இன்றும் மறக்க முடியவில்லை. "என்னங்க இது, புளிச்சுப் போன கள்ளு மாதிரி இருக்கு!" என்றார். அடுத்தவரும் முகத்தைச் சுளித்தார். ஒருவர் வாசல் பக்கம் போய்த் துப்பிவிட்டு வந்தார். பெரியப்பாவும் கேக் தின்ற வாயோடு குடித்துப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. இரண்டாவது பாட்டிலைத் திறக்கவே இல்லை. மறுநாள் அதைக் கொல்லையில் கவிழ்த்துக் கொட்டினார். "முரட்டுச் சரக்குன்னு லேபிள்லயே போட்டிருக்கான் பாரு. மலிவா ஏதோ வாங்கி என் தலையில கட்டிட்டான்" என்றார். லேபிளில் பெரிய எழுத்தில் 'ப்ரூட்' என்றிருந்தது. பிரெஞ்சில் அதற்கு முரடு, பதப்படுத்தாதது என்று பொருள். பெரியப்பா சொன்ன அர்த்தம் தப்பில்லை.

அதற்குப் பிறகு அந்தக் காரைக்கால்காரரோடு அவர் பேசவே இல்லை. அவர் இரண்டு முறை வீடு தேடி வந்தார். பெரியப்பா 'இல்லை என்று சொல்' என்று என்னையே வாசலுக்கு அனுப்பினார். காலி பாட்டில் மட்டும் வீட்டிலேயே தங்கிவிட்டது. பெரியம்மா அதில் நல்லெண்ணெய் ஊற்றி, துணியை அடைப்பாகச் சுருட்டிவைத்துப் பல வருடம் பயன்படுத்தினார். சமையலறைக்குப் போகும்போதெல்லாம் 'ப்ரூட்' என்ற எழுத்தைப் பார்த்துக்கொண்டே வளர்ந்தேன்.

அந்த எழுத்துக்கு என்ன கதை என்று எனக்குத் தெரியவந்தது 2016இல். மகள் பாரிஸ் பக்கம் குடியிருக்கிறாள். அவளைப் பார்க்கப் போனபோது ஒருநாள் ரயிலேற்றி என்னையும் என் மனைவியையும் ஷாம்பெய்ன் நாட்டுக்கே அழைத்துப் போனாள். ரேம்ஸ் என்று எழுதி 'ரான்ஸ்' என்று படிக்க வேண்டிய ஊர் அது. முக்கால் மணி நேரப் பயணம்.

(இதை யாரையும் குடிக்கச் சொல்லி எழுதவில்லை. எனக்கே வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை, அதுவும் அரை டம்ளர்தான். இது ஒரு பானத்தின் சரித்திரம், கூடவே ஒரு மனத்தாங்கலின் சரித்திரம்.)

சாமியார் கண்டுபிடித்தாரா?

ஷாம்பெய்ன் என்றதும் 'தோம் பெரிஞோன்' என்ற துறவி கண்டுபிடித்தார் என்ற கதையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். ஓவில்லேர் மடத்தில் 1668 முதல் நிலவறைப் பொறுப்பாளராக இருந்தவர் அவர். பல தோட்டத்துத் திராட்சைகளைக் கலந்து நல்ல மது செய்வதில் கெட்டிக்காரர். ஆனால் குமிழியை அவர் கண்டுபிடிக்கவில்லை. அந்தக் காலத்தில் குமிழி ஒரு குறையாகத்தான் கருதப்பட்டது. அதை வரவிடாமல் தடுப்பதுதான் அவர் வேலை. 1662லேயே கிறிஸ்டோபர் மெரட் என்ற ஆங்கிலேயர், மதுவில் சர்க்கரை சேர்த்தால் அது நுரைத்துப் பொங்கும் என்று லண்டன் ராயல் சொசைட்டியில் கட்டுரை வாசித்திருக்கிறார். நிலக்கரி உலையில் செய்த கனமான கண்ணாடி பாட்டில் இங்கிலாந்தில்தான் முதலில் கிடைத்தது. அந்த அழுத்தத்தைத் தாங்க அது வேண்டியிருந்தது.

செய்முறை சுருக்கமாக இதுதான். முதலில் திராட்சைச் சாற்றைச் சாதாரண வெள்ளை மதுவாக்குகிறார்கள். அதில் கொஞ்சம் சர்க்கரையும் ஈஸ்ட்டும் சேர்த்து பாட்டிலில் அடைத்து நிலவறையில் கிடத்துகிறார்கள். உள்ளேயே மறுபடி நொதிக்கிறது. நம் இட்லி மாவு பொங்குவது போலத்தான். மாவில் வாயு வெளியே போய்விடும். இங்கே வெளியேற வழியில்லாமல் மதுவிலேயே கரைந்து நிற்கிறது. பாட்டிலுக்குள் ஐந்தாறு வளிமண்டல அழுத்தம். 1836 வாக்கில் பிரான்சுவா என்ற மருந்தாளுநர், எவ்வளவு சர்க்கரை சேர்க்கலாம் என்று அளக்க வழி சொல்லும்வரை பாட்டில்கள் சரமாரியாக வெடித்துக்கொண்டிருந்தன. நிலவறைத் தொழிலாளிகள் இரும்பு முகமூடி போட்டுக்கொண்டு வேலை பார்த்தார்கள்.

நொதித்து முடிந்ததும் செத்த ஈஸ்ட் வண்டலாக நிற்கும். பாட்டிலை மரப்பலகைத் துளையில் தலைகீழாகச் செருகி, தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, வண்டலைக் கழுத்துக்கு இறக்க வேண்டும். இந்த முறை கிளிக்கோ என்ற கைம்பெண்ணின் நிலவறையில் 1810களில் வந்தது. 27 வயதில் கணவனை இழந்து, தொழிலைக் கையிலெடுத்த பெண்மணி அவர். கழுத்துக்கு வந்த வண்டலை வெளியேற்றியபின், குறைந்த அளவை நிரப்ப சர்க்கரை கரைத்த மதுவை ஊற்றி கார்க் அடைப்பார்கள். அந்தக் கடைசிக் கரண்டி சர்க்கரையில்தான் எங்கள் பெரியப்பா கதை அடங்கியிருக்கிறது.

பாயசம் மாதிரி இருந்த ஷாம்பெய்ன்

2010இல் பின்லாந்தின் ஓலந்து தீவுகள் பக்கம் கடலடியில் மூழ்கிய ஒரு கப்பலில் 168 ஷாம்பெய்ன் பாட்டில்கள் கிடைத்தன. சுமார் 170 வருடம் தண்ணீருக்கடியில் கிடந்தவை. அவற்றில் கிளிக்கோ அம்மையாரின் சரக்கும் இருந்தது. விஞ்ஞானிகள் சோதித்துப் பார்த்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். ஒரு லிட்டரில் சுமார் 150 கிராம் சர்க்கரை! இன்று நாம் குடிக்கும் கோலா பானத்திலேயே லிட்டருக்கு 110 கிராம் அளவில்தான் இருக்கிறது. ரஷ்யர்கள் இன்னும் அதிகமாக, 300 கிராம் வரை கேட்டார்கள் என்பது அந்தக் கால வியாபாரக் கடிதங்களிலிருந்து தெரிகிறது.

ஏன் இவ்வளவு சர்க்கரை? ஷாம்பெய்ன் வட பிரான்சின் குளிர்ப் பிரதேசம். திராட்சை சரியாகப் பழுக்காது. பச்சைப் புளிப்பு இருக்கும். சர்க்கரை அந்தப் புளிப்பை மூடும். அவசரமாகச் செய்த சரக்கின் குறையையும் சேர்த்து மூடும். அப்படி இனித்ததால் அதைச் சாப்பாட்டின் முடிவில், கேக், பிஸ்கட், பழங்களோடு குடித்தார்கள். ரான்ஸ் ஊரில் இன்றும் ஒரு ரோஸ் நிற பிஸ்கட் விற்கிறார்கள். கல் மாதிரி இருக்கும். ஷாம்பெய்னில் தோய்த்துத் தின்பதற்காகவே செய்வது. நாம் டீயில் வறுக்கி தோய்ப்போமே, அதே பழக்கம்தான்.

இதை மாற்றியது ஆங்கிலேயர் நாக்கு. இனிப்பான போர்ட், ஷெர்ரி, மடேரா எல்லாம் அவர்கள் விருந்தின் முடிவில் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தன. இன்னொரு இனிப்பு மதுவுக்கு அங்கே வேலையில்லை. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்க ஏதாவது இருந்தால் கொடு என்ற நிலைமை. 1840களின் பிற்பகுதியில் ஒரு லண்டன் வியாபாரி இனிப்புச் சேர்க்காத ஷாம்பெய்னைக் கொண்டுபோய்ப் பார்த்தார். அப்போது யாரும் ஏற்கவில்லை. 'என்ன இது, இவ்வளவு புளிப்பு' என்றுதான் அவர்களும் முகம் சுளித்தார்கள். எங்கள் மாப்பிள்ளை வீட்டாருக்கு 130 வருடம் முன்னால்!

பொம்மெரி அம்மாள்

ரான்ஸில் நாங்கள் பார்க்கப் போனது பொம்மெரி நிலவறை. 116 படி இறங்க வேண்டும். என் முழங்காலுக்கு அது பெரிய யாத்திரை. கீழே போனால் வருடம் முழுக்க 10 டிகிரி குளிர். ரோமானியர் காலத்தில் சுண்ணாம்புக் கல் வெட்டியெடுத்த பிரமாண்டமான குழிகளைச் சுரங்கப் பாதைகளால் இணைத்து, 18 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலவறையாக்கியிருக்கிறார்கள். இதைச் செய்தவர் லூயிஸ் பொம்மெரி. 1858இல் கணவர் இறந்தபோது அவருக்கு 39 வயது. கைக்குழந்தை வேறு. கணவரின் தொழிலை விற்றுவிடாமல் தானே எடுத்து நடத்தினார்.

இங்கிலாந்தில் என்ன கேட்கிறார்கள் என்பதை அவர் புரிந்துகொண்டார். ஆனால் சர்க்கரையைக் குறைப்பது சும்மா கரண்டியைக் குறைக்கிற வேலை இல்லை. சர்க்கரை போனால் உள்ளிருக்கும் குறையெல்லாம் நாக்குக்குத் தெரிந்துவிடும். எனவே திராட்சை நன்றாகப் பழுக்கும்வரை பறிக்காமல் காத்திருக்க வேண்டும். அந்த ஊரில் இடையில் மழையோ பனியோ வந்தால் மொத்த அறுவடையும் போச்சு. அதன்பிறகு நிலவறையில் கூடுதல் வருடங்கள் வைக்க வேண்டும். வைத்திருக்கும் வருடங்களில் முதல் முடங்கிக் கிடக்கும். பதமான சரக்கு வர அவருக்குப் பல வருடம் பிடித்தது. 1874 அறுவடை அபாரமாக அமைந்தது. அதில் செய்த இனிப்பில்லாத ஷாம்பெய்ன் லண்டனில் பெரிய பெயர் வாங்கியது. இன்றைய ப்ரூட்டுக்கு அதுதான் வழிகாட்டி.

அந்த அம்மாளைப் பற்றி இன்னொரு தகவல். மில்லே வரைந்த, அறுவடை முடிந்த வயலில் ஏழைப் பெண்கள் குனிந்து சிந்திய கதிர் பொறுக்கும் ஓவியத்தைப் பார்த்திருப்பீர்கள். அதை 1889இல் மூன்று லட்சம் பிராங்க் கொடுத்து வாங்கி, லூவ்ர் அருங்காட்சியகத்துக்கு எழுதிவைத்தவர் இவர்தான். மறு வருடமே இறந்துபோனார்.

சரக்கு மாறியது, பழக்கம் மாறவில்லை

இங்கேதான் எனக்குப் பொறி தட்டியது. எங்களுக்குச் சுற்றிக் காட்டிய பெண், ருசி பார்க்கும் இடத்தில் ஆளுக்கு ஒரு கிளாஸ் ப்ரூட் கொடுத்தாள். என் மனைவி கைப்பையிலிருந்து அந்த ரோஸ் பிஸ்கட்டை எடுத்துக் கடித்துவிட்டுக் குடித்தாள். முகம் சுளித்தாள். "புளிக்குதுங்க" என்றாள். சுற்றிக் காட்டிய பெண் சிரித்தாள். தண்ணீர் குடிக்கச் சொன்னாள். பிறகு உப்புப் போட்ட சீஸ் துண்டு ஒன்றைக் கொடுத்து, அதைத் தின்றபின் அதே கிளாஸைக் குடிக்கச் சொன்னாள். என் மனைவி குடித்துவிட்டு, "இது வேறயா?" என்று கேட்டாள்.

எனக்கு உடம்பெல்லாம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. 1978இல் மாப்பிள்ளையின் தாய்மாமன் சுளித்த அதே சுளிப்பு.

இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஜாங்கிரி தின்றுவிட்டு காப்பி குடித்திருக்கிறீர்கள் அல்லவா? சர்க்கரையே போடவில்லையோ என்று தோன்றும், கசக்கும். காப்பியில் குறையில்லை, நாக்கு இனிப்பில் ஊறியிருக்கிறது. இனிப்பில்லாத மதுவோடு கேக் தின்றாலும் அப்படித்தான். இருக்கிற கொஞ்சநஞ்ச இனிப்பும் மறைந்து புளிப்பு மட்டும் தலைதூக்கும். இன்றைய ப்ரூட்டில் லிட்டருக்கு 12 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கக் கூடாது என்பது விதி. கடலில் கிடைத்ததோ 150 கிராம்! ஷாம்பெய்ன் மாறிவிட்டது. ஆனால் கேக்கோடு குடிக்கும் பழக்கம் மட்டும் பிரான்ஸிலேயே வெகுகாலம் மாறவில்லை. பட்டாளத்து விழாக்களில் கேக்கோடு இனிப்பு நுரைமதுவைக் குடித்துப் பழகிய பெரியப்பா, ஊரில் வந்தும் அதையே செய்தார். அவர் நண்பர் கொண்டுவந்தது மலிவுச் சரக்கு இல்லை. நாங்கள்தான் தப்பான தட்டோடு கொடுத்தோம்.

எதோடு சேரும்?

ஊருக்குத் திரும்பிய பிறகு நான் படித்ததையும் பரிசோதித்ததையும் சொல்கிறேன். கல்யாணத்துக்கோ பண்டிகைக்கோ பிரான்ஸிலிருந்து பிள்ளைகள் பாட்டிலோடு வருகிற வீடுகள் நம் ஊரில் நிறைய உண்டு. அவர்களுக்கு உதவும்.

ப்ரூட்டுக்கு உற்ற தோழர்கள் உப்பும் எண்ணெயும். உப்பு அதன் புளிப்பைத் தணிக்கும். எண்ணெயும் கொழுப்பும் நாக்கில் படிந்தால் புளிப்பும் குமிழியும் வழித்துத் துடைத்துவிடும். பஜ்ஜிக்குச் சட்னி தேடுவது போலத்தான். பிரெஞ்சுக்காரர்கள் பச்சைக் கடல் சிப்பியோடு குடிக்கிறார்கள். ஷாம்பெய்ன் பக்கத்து 'ஷவூர்ஸ்' என்ற வெண்ணெய் மாதிரியான சீஸ், சீஸ் கலந்து சுட்ட குட்டிப் பன் எல்லாம் பொருத்தம். நம் வீட்டில் நான் பார்த்த அளவில் உருளைக்கிழங்கு வறுவல், உப்பு முந்திரி, நெத்திலி வறுவல், வஞ்சிரம் வறுவல் நன்றாகச் சேருகின்றன. ஒரே நிபந்தனை, மிளகாய்த்தூளைக் குறைக்க வேண்டும். காரத்தின் மேல் குமிழியும் ஆல்கஹாலும் பட்டால் நாக்கு எரியும். வெறும் உப்பு, மஞ்சள், எலுமிச்சை போதும்.

கேக் வெட்டித்தான் ஆக வேண்டும் என்றால் லேபிளைப் பாருங்கள். 'தெமி செக்' என்று இருந்தால் லிட்டருக்கு 32 முதல் 50 கிராம் சர்க்கரை. அது கேக்குக்கு ஓரளவு ஈடுகொடுக்கும். 'செக்' என்றால் பிரெஞ்சில் வறட்சி என்று பொருள், இனிப்பே இருக்காது என்று நினைப்போம். அதிலும் 17 முதல் 32 கிராம் உண்டு! எல்லாம் இனிப்பாக இருந்த காலத்தில் வைத்த பெயர், இன்னும் அப்படியே நிற்கிறது.

அக்கா சொன்னது

பெரியப்பா 1991இல் போய்விட்டார். காரைக்கால்காரர் அவருக்கும் முந்தி. கடைசிவரை இருவரும் பேசிக்கொள்ளவில்லை.

போன வருடம் கல்யாணப் பெண்ணான அந்த அக்கா எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மகள் அனுப்பிய ப்ரூட் ஒன்று ஃபிரிட்ஜில் இருந்தது. நெத்திலி வறுத்து, பக்கத்தில் உருளை வறுவல் வைத்து, அக்காவுக்கு இரண்டு மடக்கு ஊற்றிக் கொடுத்தேன். "அய்யோ, வேண்டாம்டா" என்றவர் தயங்கித் தயங்கிக் குடித்தார். இன்னொரு நெத்திலி எடுத்துக்கொண்டார். மறுபடி ஒரு மடக்கு.

"நல்லாத்தானேடா இருக்கு?" என்றார்.

"உங்க கல்யாணத்துல குடிச்சதும் இதே வகைதான்க்கா" என்றேன். கடலடி பாட்டிலிலிருந்து பொம்மெரி அம்மாள்வரை எல்லாக் கதையையும் சொன்னேன். அக்கா வெகுநேரம் கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அந்த மாமா என் கல்யாணத்துக்கு அப்புறம் ரெண்டு தடவை வந்தாருன்னு அம்மா சொல்லிருக்காங்க. அப்பா உள்ள இருந்துக்கிட்டே இல்லைன்னு சொல்லச் சொன்னாராம்."

"வாசல்ல போய் சொன்னது நான்தான்க்கா" என்றேன்.

காரைக்காலில் அவர் பிள்ளைகள் இருக்கிறார்களாம். வீடு எங்கே என்று அக்கா விசாரித்து வைத்திருக்கிறார். தைக்குப் பிறகு இருவரும் போய்வரலாம் என்றிருக்கிறோம். போகும்போது என்ன வாங்கிப் போவது என்று அக்கா கேட்டார். கேக் மட்டும் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.